இடைக்கால எலும்புக்கூட்டின் வயதைப் பல் தேய்மானத்திலிருந்து கணிப்பது எப்படி?

சோற்றில் நறுக்கென்று ஒரு கல் கடிபட்டால் நமக்கு உடம்பே கூசிப்போகும். இடைக்கால (சுமார் 5 முதல் 15-ஆம் நூற்றாண்டு வரை) இங்கிலாந்தின் குடியானவருக்கோ அதன் பொடி வடிவம் தினசரி உணவு. திரிகைக் கல்லில் அரைத்த மாவில் கல்லின் தூளும் சேர்ந்தே வந்தது. அம்மி கொத்திய மறுநாள் அரைத்த துவையலைச் சாப்பிட்டவர்களுக்கு இது புரியும். எண் கூடக் கூடக் கடினம் கூடும் மோஸ் அளவுகோலில் பல்லின் கடினமான மேலுறையான எனாமல் 5, கல்தூளில் இருக்கும் குவார்ட்ஸ் 7. எனாமல் தேய்ந்தால் மறுபடி வளராது. ஆகவே, ஒருவர் எத்தனை வருடம் மென்றார் என்ற கணக்கு பல்லிலேயே தங்கிவிடுகிறது. அதைப் படிக்கப் பழகுவோம்.

படி 1: தயாராவது

எடுத்த எடுப்பில் அசல் எலும்பைத் தொட வேண்டாம். வார்ப்போ தெளிவான படங்களோ போதும். 10 மடங்கு பெருக்கும் கைலென்ஸ், ஒரு சிறிய டார்ச், பென்சில், தாள் எடுத்துக்கொள்ளுங்கள். டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். பள்ளமும் மேடும் நிழலாகத் தெரியும். அசல் பல் கைக்கு வரும் நாளில் மண்ணை மெல்லிய பிரஷ்ஷால் மட்டும் எடுங்கள், ஊசி வேண்டாம். உலோக முனை போடும் கீறல் பழைய கீறலோடு கலந்துவிடும். பற்காரையையும் சுரண்டாதீர்கள், அதற்குள் உணவுத் துகள்கள் இருக்கலாம்.

படி 2: எந்தப் பல் என்று உறுதிசெய்வது

தேய்ந்த பல்லில் முகடுகளை எண்ணி அடையாளம் காண முடியாது. கோரைப்பல்லுக்கும் பெரிய கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே இருக்கும் முன்கடைவாய்ப் பற்கள் இரண்டையும் முதலில் கண்டுபிடித்து, அங்கிருந்து பின்னால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுங்கள். நான் பழகிய புதிதில் ஒரு படத்தில் இரண்டாவது கடைவாய்ப்பல்லை முதலாவது என்று குறித்துக்கொண்டு, மொத்தக் கணக்கும் தப்பி, ஒரு மாலைப்பொழுதையே வீணாக்கினேன்.

எதிர்ப்பல் இருந்ததா என்பதையும் பாருங்கள். உயிரோடு இருக்கும்போதே விழுந்திருந்தால் அந்தக் குழியை எலும்பு மூடியிருக்கும். அதற்கு எதிரே இருந்த பல் தேயாமல் உயரமாக நிற்கும். அந்தப் பல்லைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

படி 3: மதிப்பெண் போடுவது

ஹோலி ஸ்மித் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1984-இல் தந்த 8 நிலை அளவுகோல் தொடக்கக்காரர்களுக்கு வசதியானது. நிலை 1 என்றால் தேய்மானம் இல்லை, அல்லது மெல்லிய பளபளப்பு மட்டும். 2-இல் முகடுகள் மழுங்கியிருக்கும். 3-இல் முகடு போய், அந்த இடத்தில் எனாமலுக்கு அடியிலிருக்கும் டென்டின் புள்ளியாக எட்டிப்பார்க்கும். டென்டின் எனாமலைவிட மஞ்சளாகவோ பழுப்பாகவோ, சற்றுக் குழிந்து தெரியும். 4-இல் அந்தப் புள்ளிகள் பெரிதாகியும் தனித்தனியாகவே நிற்கும். 5-இல் இரண்டு ஒன்றுசேரும். 6-இல் மூன்று சேரும், அல்லது நான்கும் சேர்ந்து நடுவே எனாமல் தீவு மட்டும் மிஞ்சும். 7-இல் மேற்பரப்பு முழுதும் டென்டின், சுற்றிலும் எனாமல் வரம்பு. 8-இல் அந்த வரம்பும் உடைந்து, பல் வேரளவுக்கு இறங்கிவிடும்.

கீழ்த்தாடையில் கன்னப் பக்க முகடுகளும், மேல்தாடையில் அண்ணப் பக்க முகடுகளும் முதலில் தேயும். இதற்கு நேர்மாறாகத் தெரிந்தால் மேல், கீழ் மாற்றிப் பிடித்திருக்கிறீர்களா என்று சரிபாருங்கள். அப்புறம், விளிம்பு கூர்மையாக, உள்ளே வெளிறிப்போய் இருந்தால் அது மண்ணுக்குள் உடைந்தது. தேய்மானத்தின் விளிம்பு எப்போதும் வழவழப்பாக இருக்கும்.

படி 4: கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது

பெரும்பாலோர் அவசரப்படும் இடம் இதுதான். அச்சில் கிடைக்கும் ஒரு வயது அட்டவணையை எடுத்து எல்லாத் தாடைக்கும் பொருத்திவிடுகிறார்கள். ஒரு ஊரின் மாவு மாதிரி இன்னொரு ஊரின் மாவு இருக்காது. எந்த இடுகாட்டை ஆராய்கிறோமோ, அங்குள்ள சிறுவர்களின் பல்தான் நமக்கு அளவுகோல். பல்வேர் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பதை வைத்து, தேய்மானத்தைத் தொடாமலே அவர்கள் வயது தெரிந்துவிடும். யார்க்‌ஷரில் கைவிடப்பட்ட வாரம் பெர்சி கிராமத்தின் தேவாலய வளாகத்தில் கிட்டத்தட்ட 690 எலும்புக்கூடுகள் கிடைத்தன, அவற்றில் சிறுவர்களும் ஏராளம். அப்படிப்பட்ட தொகுப்பு அமைந்தால் அதிர்ஷ்டம்.

1960-களின் தொடக்கத்தில் மைல்ஸ் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர், லெஸ்டர்‌ஷரில் பிரீடன் ஆன் த ஹில் என்ற இடத்தின் ஆங்கிலோ-சாக்சன் (இடைக்காலத்தின் முற்பகுதி) மண்டையோடுகளை வைத்து இதை வகுத்தார். கடைவாய்ப் பற்கள் ஏறக்குறைய 6, 12, 18 வயதில் முளைக்கின்றன. 12 வயதுப் பிள்ளையின் முதல் கடைவாய்ப்பல் 6 வருடம் மென்றிருக்கிறது. 18 வயதில் அதே பல் 12 வருடம். பின்பற்கள் கொஞ்சம் மெதுவாகத் தேயும்: முதல் பல்லில் 6 வருடத்தில் வரும் தேய்மானம் இரண்டாவதில் வர 6.5 வருடமும், மூன்றாவதில் 7 வருடமும் ஆகும் என்று அவர் கணக்கிட்டார்.

படி 5: ஒரு தாடையைக் கணக்கிட்டுப் பார்ப்போம்

மூன்று கடைவாய்ப் பற்களும் உள்ள ஒரு தாடை. அதன் மூன்றாவது பல், நம் 12 வயதுப் பிள்ளையின் முதல் பல்லைப் போலவே தேய்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 18 + 7 = 25 வயது. சரியா என்று இரண்டாவது பல்லைக் கேளுங்கள்: 12 வயதில் முளைத்த அது 13 வருடம் மென்றிருக்கும். 13 என்பது இரண்டு 6.5. அப்படியானால் அது 18 வயதுக்காரரின் முதல் பல்லைப் போல இருக்க வேண்டும். இருந்தால் கணக்கு கூடுகிறது.

இப்போது இவருடைய முதல் பல் 19 வருடத் தேய்மானத்தின் மாதிரி. வேறொருவரின் இரண்டாவது பல் இதைப் போலவே தேய்ந்திருந்தால், அதற்குச் சுமார் 20.6 வருடம் ஆகியிருக்கும். 12-ஐக் கூட்டினால் அவர் வயது 33-ஐ ஒட்டி வரும். ஒருவர் தோளில் ஒருவர் ஏறுவது போல இப்படியே மேலே போகலாம். ஏற ஏறப் பிழையும் கூடும். 45-ஐத் தாண்டினால் ‘45-க்கு மேல்’ என்று எழுதிவிட்டு நிறுத்துவதே நேர்மை. ஒற்றை எண்ணாக எழுதாமல் வரம்பாகவும் எழுதுங்கள்.

படி 6: மெல்லாமல் வந்த தேய்மானம்

எல்லாத் தேய்மானமும் சாப்பாட்டால் வந்ததில்லை. ஸ்காண்டிநேவியக் கடலோடிகளான வைக்கிங்குகளின் காலத்து ஆண்கள் சிலர் முன்பற்களில் குறுக்கே கோடு கோடாக அராவியிருக்கிறார்கள்; சுவீடனிலும், இங்கிலாந்தில் டார்செட் மாவட்டத்து ரிட்ஜ்வே குன்றில் 2009-இல் கிடைத்த, தலை வெட்டப்பட்டவர்களின் புதைகுழியிலும் அது தெரிந்தது. ஒரே ஆழம், நேர்க்கோடு என்றால் அரத்தைச் சந்தேகிக்கலாம்.

இன்னொன்று: மேல் கீழ்ப் பற்களைச் சேர்த்துக் கடிக்கும்போது கோரைப்பல் அருகே வட்டமாக ஓர் ஓட்டை தெரிந்தால், அது களிமண் புகைக்குழாயைக் கடித்த தடமாக இருக்கலாம். புகையிலை ஐரோப்பாவுக்கு வந்ததே 16-ஆம் நூற்றாண்டில்தான். வயதை ஓரமாக வைத்துவிட்டு, ‘இடைக்காலம்’ என்று எழுதிய கட்டத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போடுங்கள்.