பேசும்போது பிழையைத் திருத்துவது எப்படி?

இரண்டாம் மொழி கற்பவர் பேசும்போது ஒவ்வொரு பிழைக்கும் குறுக்கே புகுந்தால், பேசுவதையே நிறுத்திவிடுவார். ஒரு பாடத்துக்கு ஒரே இலக்கணக் கூறு, உதாரணமாக இறந்தகாலம், என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் வரும் பிழையை மட்டும் உடனே தொடுங்கள். மற்றவை குறிப்பேட்டில் ஏறட்டும். பொருளே மாறிப்போகும் பிழை மட்டும் விதிவிலக்கு.

திருத்தும்போது சரியான வாக்கியத்தை நீங்களே சொல்லிவிடாதீர்கள். "நேற்று கடைக்குப் போகிறேன்" என்றால், "நேற்றா?" என்று கேட்டுவிட்டு 3 முதல் 5 நொடி வாயைத் திறக்காமல் இருங்கள். (ஆசிரியர்களுக்கு இதுதான் பெரும்பாடு.) மாறாக "ஓ, நேற்று போனீர்களா!" என்றால், அவர் அதை உரையாடலின் தொடர்ச்சியாக எடுத்துக்கொண்டு "ஆமாம்" என்று நகர்ந்துவிடுவார். 1997-இல் வெளியான ஆய்வில், கனடாவின் பிரெஞ்சு வழி வகுப்புகளைக் கவனித்த லிஸ்டரும் ரான்டாவும் கண்டதும் இதுவே: இப்படிச் சரியான வடிவத்தைத் தாங்களே சொல்லிவிடுவதுதான் ஆசிரியர்கள் அதிகம் கையாண்ட முறை, மாணவர்கள் மிகக் குறைவாக எதிர்வினை காட்டியதும் இதற்குத்தான்.

சரியான வடிவமே கற்பவருக்குத் தெரியாதென்றால் "நேற்றா?" என்பதுபோல் கேட்டுத் தூண்டிப் பயனில்லை, நேராகச் சொல்லிக்கொடுங்கள். குறித்துவைத்த பிழைகளில் நான்கைந்தை, கடைசி 10 நிமிடத்தில் யார் பெயரும் சொல்லாமல் பலகையில் எழுதி, வகுப்பையே திருத்தச் சொல்லலாம்.