பாத மருத்துவம் பார்ப்பவர்கள் பதிவைப் புதுப்பிக்கும் முன்

பிரிட்டனில் பாத மருத்துவர்களுக்கெனப் பதிவேட்டில் தனிப் பிரிவு உண்டு. இங்கே சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணை மட்டுமே பார்க்கும் மருத்துவருக்கும், எம்.பி.பி.எஸ். பட்டத்தின் பேரில் சென்னை அரும்பாக்கத்தில் உள்ள தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் செய்துகொண்ட பதிவே உரிமம் என்பதால், பாதப் பராமரிப்பில் பெற்ற குறுகிய காலச் சான்றிதழ் அதற்கு ஈடாகாது.

ஐந்தாண்டுகளில் குறைந்தது 30 மணி நேரம் தொடர் மருத்துவக் கல்வியில் பங்கேற்க வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நன்னடத்தை விதிமுறை. சராசரியாக ஆண்டுக்கு ஆறு மணி நேரம்தான். ஆனால் பதிவைப் புதுப்பிப்பதற்கு முந்தைய கடைசி மாதத்தில், பங்கேற்றதற்கான சான்றிதழ்களைத் தேடுவதுதான் பெரும்பாடு. ஆகவே கருத்தரங்குக்குப் பணம் கட்டும் முன்பே, கவுன்சில் அதற்கு எத்தனை மதிப்பெண் (கிரெடிட்) அளித்திருக்கிறது என்பது அழைப்பிதழில் அச்சாகியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மருந்து நிறுவனத்தின் மதிய விருந்தோடு முடியும் கூட்டங்களை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

இன்னொன்று, நம் ஊருக்கே உரிய இனிஷியல் சிக்கல். பதிவுச் சான்றிதழில் ‘எஸ். கார்த்திகேயன்’ என்றும் ஆதாரில் தந்தையின் முழுப்பெயரோடும் இருந்தால், விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடக்கூடும். என்னுடையது அப்படித்தான் இரண்டு வாரம் தாமதமானது. கருத்தரங்கில் பெயர் கொடுக்கும்போதே பதிவுச் சான்றிதழில் உள்ளபடி பெயரையும் பதிவு எண்ணையும் எழுதிக்கொடுத்து, வாட்ஸ்அப்பில் வரும் சான்றிதழை அன்றைக்கே தேதியும் மதிப்பெண்ணும் சேர்த்துப் பெயரிட்டு மின்னஞ்சலில் சேமித்துவிடுங்கள்.