ஊதினால் போதுமா? எச்சரிக்கை சைரன் அமைப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வட சென்னையில் வளர்ந்தவர்களுக்கு சைரன் என்பது 'சங்கு'. மில் சங்கு ஊதியதும் உலை வைத்தவர்கள், அடுத்த சங்குக்குத் தூக்குச் சட்டியோடு புறப்பட்டவர்கள் என்று பெரம்பூர்ப் பக்கம் ஒரு தலைமுறையே அதைக் கடிகாரமாக வைத்துக்கொண்டு வாழ்ந்தது. அந்தச் சங்கு காதில் விழாமல் போனால் அரை நாள் கூலி போகும், அவ்வளவுதான். கடலோரத்துக்கும் ரசாயன ஆலைகளுக்கும் இன்று வைக்கிற எலெக்ட்ரானிக் சைரன் காதில் விழாமல் போனால் போவது வேறு.

2004 டிசம்பர் 26 காலை ஆறரை மணிவாக்கில் சுமத்ரா அருகே கடலடியில் நிலம் குலுங்கியது. அலை மெரினாவுக்கு வந்து சேர ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் ஆனது. கரையில் நடந்துகொண்டிருந்தவர்களுக்கும் மீன் விற்றுக்கொண்டிருந்தவர்களுக்கும் அந்த இரண்டரை மணி நேரத்தில் சொல்ல ஆளில்லை. 2007-இல் ஐதராபாத்தில், கடல் தகவல் சேவை நிறுவனமான இன்காய்ஸில், சுனாமி முன்னெச்சரிக்கை மையம் வந்தது. பாதி வேலைக்கு ஆள் கிடைத்தாயிற்று. ஐதராபாத்திலிருந்து வந்த செய்தி நொச்சிக்குப்பத்தில் வலை பின்னுகிறவரின் காதுக்குப் போய்ச் சேரும் கடைசி ஒரு கிலோமீட்டர் இருக்கிறதே, அது சைரனின் பொறுப்பு. மைக் செட் வேலையில் தொடங்கி சைரன் வேலைக்கு வந்து சேர்ந்தவன் நான். பார்த்தவரையில் பெரும்பாலான தவறுகள் அந்த ஒரு கிலோமீட்டரை யாரும் நடந்து பார்க்காததால் வருபவை.

பழைய சங்கில் ஒரு மோட்டார் துளையிட்ட உருளையைச் சுழற்றிக் காற்றை வெட்டும். அந்த வெட்டுதான் சத்தம். எலெக்ட்ரானிக் சைரனில் சுழல்வது எதுவும் கிடையாது. சத்தம் ஒரு சிப்பில் பதிவாகியிருக்கும். ஆம்ப்ளிஃபயர் அதைப் பெருக்கும். நம் மைக் செட்காரர்கள் 'யூனிட்' என்று சொல்கிற உறுப்பு அதைக் காற்றழுத்தமாக மாற்றும். கூம்பு அதைத் திசை பிடித்து வெளியே தள்ளும். கோயில் திருவிழா செட்டுக்குப் பெரியண்ணன் என்று சொல்லலாம். ஆனால் திருவிழா செட்டைக் கேட்பவர் பந்தலுக்குப் பக்கத்தில் இருப்பவர், கேட்கவே வந்தவர். சைரனைக் கேட்க வேண்டியவரோ எண்ணூறு மீட்டர் தள்ளி, பஸ் இரைச்சலுக்கு நடுவில் ரோட்டைக் கடந்துகொண்டிருப்பார்.

விலைப்பட்டியலில் பெரிய எழுத்தில் '150 டெசிபல்' என்று போட்டிருப்பார்கள். டெசிபல் என்பது சத்தத்தின் அளவு. எத்தனை மீட்டர் தூரத்தில் அளந்தது என்று கேட்காமல் ஆர்டர் போடுவதுதான் இந்தத் தொழிலில் நான் அதிகம் பார்த்த தவறு. வெளிப்புற சைரன்களை 100 அடியில், அதாவது 30 மீட்டரில் அளந்து சொல்வது வழக்கம். சிலர் 1 மீட்டரில் அளந்ததைப் போட்டுவிடுவார்கள். 1 மீட்டரில் 150 என்றால் 30 மீட்டரில் சுமார் 120 தான். பொய் சொல்லவில்லை, ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கிறவர் ஏமாந்துவிடுவார்.

சரி, 30 மீட்டரில் 120 என்றே வைத்துக்கொள்வோம். அப்புறம் அது எப்படிக் குறைகிறது? தடையே இல்லாத வெட்டவெளியில் தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. அந்தக் கணக்கில் 960 மீட்டரில் 90 டெசிபல் மிச்சமிருக்கும். கட்டடம், மரம், தரை எல்லாம் சத்தத்தைத் தின்னும் ஊர்களுக்கு அமெரிக்க அவசரகால அமைப்பான ஃபெமாவின் வழிகாட்டி, இரட்டிப்புக்கு 10 டெசிபல் என்று கழிக்கச் சொல்கிறது. அப்படிக் கழித்தால் 60 மீட்டரில் 110, 120 மீட்டரில் 100, 240 மீட்டரில் 90, 480-இல் 80, 960-இல் வெறும் 70. அதாவது 90 டெசிபல் கிடைக்கும் எல்லை 960 மீட்டரில் இல்லை, 240 மீட்டரில் இருக்கிறது. வரைபடத்தில் வரைந்த வட்டத்தின் ஆரம் நாலில் ஒன்றாகும், பரப்பு பதினாறில் ஒன்றாகும். ஒரு கம்பம் போதும் என்று கணக்குப் போட்டவர் பதினாறில் பதினைந்து பங்கு ஜனங்களைக் கணக்கிலிருந்து விட்டுவிட்டார்.

அந்த 70 போதுமா என்பது இடத்தைப் பொறுத்தது. சுற்றியுள்ள இரைச்சலைவிட சைரன் 10 டெசிபலாவது கூடுதலாக இருந்தால்தான் வேறு வேலையில் மூழ்கியிருப்பவர் தலை நிமிர்ந்து பார்ப்பார். நம் ஒலி மாசு விதிகளில் குடியிருப்புப் பகுதிக்குப் பகல் வரம்பு 55 டெசிபல். அப்படி அமைதியான தெரு ஒன்று சென்னையில் கிடைத்தால் 70 நன்றாகவே கேட்கும். நெரிசலான மெயின் ரோட்டில் இரைச்சலே 75, 80 என்று போகும். அங்கே 70 டெசிபல் சைரன் செவிடன் காதில் ஊதிய சங்குதான். ஆகவே முதலில் அளக்க வேண்டியது சைரனை அல்ல, ஊரை. காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலம் நடக்கும்போது எவ்வளவு சத்தம், மத்தியானம் எவ்வளவு என்று மீட்டரோடு போய் நின்றால் பாதி வடிவமைப்பு முடிந்த மாதிரி.

எட்டவில்லை என்று தெரிந்ததும் எல்லோருக்கும் தோன்றும் வைத்தியம், வாட்ஸைக் கூட்டுவது. வாட்ஸை இரண்டு மடங்காக்கினால் கிடைப்பது 3 டெசிபல். மேலே சொன்ன ஊர்க்கணக்கில் அந்த 3 டெசிபல் தூரத்தைக் கால் பங்குகூட நீட்டாது. அதே நேரம் கம்பத்தடியில் இருப்பவர் காது கிழியும்; 123 டெசிபலுக்கு மேல் யார் காதிலும் விழக்கூடாது என்கிறது அதே ஃபெமா வழிகாட்டி. அந்தப் பணத்தில் நடுத்தர சைரன் இரண்டை வெவ்வேறு இடத்தில் வைப்பது எவ்வளவோ மேல்.

உயரம் இன்னொரு கண்ணி. உயரத்தில் வைத்தால் தூரம் கேட்கும் என்று பதினைந்து மாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியில் ஏற்றிவிடுவார்கள். கூம்புகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குவதே சத்தம் வானத்துக்கும் தரைக்கும் சிதறாமல் பட்டையாகக் கிடைமட்டத்தில் போகட்டும் என்பதற்காக. அந்தப் பட்டை பதினைந்தாம் மாடி உயரத்தில் கிளம்பினால் கீழே தெருவில் இருப்பவர் தலைக்கு மேலே போய்விடும். சுற்றியுள்ள கூரைகளைத் தாண்டுகிற அளவுக்கு, 12 முதல் 15 மீட்டர் கம்பம், தாழ்வான குடியிருப்புகளுக்குப் பொருந்தும்.

சென்னைக்கென்றே உள்ள வில்லங்கம் கடற்காற்று. வெயில் நாளில் மத்தியானம் தரையை ஒட்டிய காற்று கொதிக்கும், மேலே குளிர்ந்திருக்கும். அப்போது ஒலி மேல்நோக்கி வளைந்து, சில நூறு மீட்டர் தாண்டியதும் தரையில் 'ஒலி நிழல்', அதாவது சத்தம் எட்டாத இடம், விழும். காற்றை எதிர்த்துப் போகும் சத்தத்துக்கும் இதே கதி. குப்பத்துக்குப் பின்னால் மேற்கே கம்பம் நட்டு, கடலைப் பார்த்துக் கூம்பைத் திருப்பினால், கிழக்கிலிருந்து வரும் கடற்காற்று அந்தச் சத்தத்தைத் தூக்கி மேலே அனுப்பிவிடும். கரையில் படகு தள்ளுகிறவருக்குக் கேட்காது. கரையோரத்திலேயே கம்பம் இருந்தால் காற்றே சத்தத்தை ஊருக்குள் கொண்டுபோகும். இதில் வேடிக்கை என்னவென்றால், சோதனையை வெயிலுக்குப் பயந்து காலை ஆறு மணிக்கு வைப்போம். அந்த நேரம் காற்றும் இல்லை, தரையும் குளிர்ந்திருக்கும், வண்டிகளும் குறைவு. அப்போது எந்த சைரனும் நன்றாகத்தான் கேட்கும். மே மாதம் மத்தியானம் இரண்டு மணிக்கு ஒருமுறை ஊதிப் பாருங்கள்.

"பழைய மில் சங்கு மாதிரி கனமா வேணும்" என்று கேட்கும் வாடிக்கையாளர்கள் உண்டு. ஆசை நியாயமானதுதான், தாழ்ந்த சுருதி கட்டடங்களைச் சுற்றி வளைந்து போகும், வயதானவர்களுக்கும் கேட்கும். ஆனால் ஒவ்வொரு கூம்புக்கும் ஒரு கீழ் எல்லை உண்டு. சுருதியை ஹெர்ட்ஸில் சொல்வார்கள், எண் குறைந்தால் சுருதி தாழும். 400 ஹெர்ட்ஸுக்குச் செய்த கூம்பில் 200 ஹெர்ட்ஸைச் செலுத்தினால், யூனிட்டுக்குள் அதிரும் சவ்வான டயபிரம் எதிர்த்துத் தள்ளக் காற்றுச் சுமை கிடைக்காமல் எகிறி ஆடிக் கிழிந்துபோகும். கனம் வேண்டுமென்றால் கூம்பு பெரிதாக வேண்டும், வேறு வழியில்லை. இதற்கு நேரெதிரான குறுக்குவழி, உச்சத்துக்கும் அடிக்கும் சட்டென்று தாவும் சதுர அலை. அதே உச்ச வோல்டேஜில், இழைவாக ஏறி இறங்கும் சைன் அலையைவிட 3 டெசிபல் கூடுதல் சத்தம் வரும் என்று சதுர அலையைக் கொடுத்துவிடுகிறார்கள். யூனிட்டுக்குள் போகும் சூடும் இரண்டு மடங்கு. பத்து விநாடி டெமோவில் ஒன்றும் தெரியாது. மூன்று நிமிடம் தொடர்ந்து ஊதினால் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் எரிந்த வாசனை வரும்.

பேட்டரி விஷயத்தில் என் கோபம் கொஞ்சம் அதிகம், பொறுத்துக்கொள்ளுங்கள். சைரன் தேவைப்படும் நாளில் மின்சாரம் இருக்காது என்பதை வர்தா புயல் நமக்குச் சொல்லிக் கொடுத்தது. 2016 டிசம்பர் 12-க்குப் பிறகு பல நாள் இருட்டில் கிடந்த தெருக்கள் உண்டு, செல்போனும் வேலை செய்யவில்லை. அப்படியிருந்தும் பேட்டரியை வெறும் பெருக்கல் கணக்கில் வாங்குகிறார்கள். 24 வோல்ட்டில் 1600 வாட் சைரன், ஆம்ப்ளிஃபயர் இழப்பையும் சேர்த்தால், 75 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அரை மணி ஊத 40 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள பேட்டரி போதும் என்று காகிதம் சொல்லும். ஈய-அமில பேட்டரி இவ்வளவு வேகமாக உறிஞ்சப்பட்டால் தன்மேல் எழுதியிருக்கும் கொள்ளளவைத் தராது. அதற்கு முன் மூன்று நாள் கரண்ட் இல்லாமல், ஊதச் சொல்லும் சமிக்ஞையை வாங்குகிற ரேடியோவும் கட்டுப்பாட்டுப் பலகையும் அதைக் குடித்திருக்கும். போதாக்குறைக்கு வெப்பம்: 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் இந்த பேட்டரியின் ஆயுள் பாதியாகும். வெயிலில் நிற்கும் இரும்புப் பெட்டிக்குள் ஆண்டு முழுக்க 45 டிகிரி என்றால், ஐந்து வருட பேட்டரி ஒன்றேகால் வருடத்தில் ஓய்வு பெறும். வெள்ளை நிறம், நிழல் தகடு, காற்றோட்டம் எல்லாம் அலங்காரம் இல்லை. பெட்டியைக் கைக்கெட்டும் உயரத்தில் வைப்பதும் பராமரிப்புக்குச் சௌகரியம்தான், 2015 வெள்ளத்தில் முடிச்சூரிலும் கோட்டூர்புரத்திலும் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்பதை மறந்துவிட்டால்.

உப்புக் காற்றில் சாதா போல்ட்டுகள் துருப்பிடிக்கும், கூம்புக்குள் காக்கை கூடு கட்டும். 316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் வலையும் போட்டால் முடிந்தது.

எலெக்ட்ரானிக் சைரன் பேசும் என்பது அதன் பெரிய கவர்ச்சி. ஆனால் ஒலி விநாடிக்கு சுமார் 350 மீட்டர்தான் போகும். 350 மீட்டரில் ஒரு கம்பமும் 1050 மீட்டரில் இன்னொன்றும் ஒரே அறிவிப்பைப் பேசினால், இரண்டாவது குரல் இரண்டு விநாடி தாமதமாக வந்து முதல் குரலின் மேல் ஏறும். "பொதுமக்கள் அனைவரும் உடனடியாகப் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்" என்ற வாக்கியம் அங்கே வெறும் ஓலம். "கடல் வருது. மேட்டுக்குப் போங்க." நிறுத்தம். மறுபடியும் அதே. அரசாங்கக் கடிதத் தமிழைக் கம்பத்தில் ஏற்றாதீர்கள்.

சிப்பில் இடம் இருக்கிறது என்று பத்து விதமான ஒலியை நிரப்புவதும் இந்த வகைதான். குடிமைப் பாதுகாப்பு வழக்கில் ஏறி இறங்கும் ஓலம் ஆபத்துக்கு, ஒரே சீரான நீண்ட ஒலி ஆபத்து நீங்கியதற்கு. 2025 மே 7 அன்று நாடு முழுக்க ஒத்திகை நடந்தபோது சென்னைத் துறைமுகமும் கல்பாக்கமும் அதில் இருந்தன. ஒரு தொழிற்சாலை தன் விருப்பத்துக்குச் சீரான ஒலியை வாயுக் கசிவுக்கு வைத்துக்கொண்டால் பக்கத்துத் தெருக்காரர் நிம்மதியாக வீடு திரும்புவார். ஹவாயில் நடந்ததைப் பாருங்கள். 2023 ஆகஸ்டில் லஹைனா ஊர் தீப்பிடித்து எரிந்தபோது சைரன்களை ஊதவில்லை. சைரன் கேட்டால் சுனாமி என்று நினைத்து மேட்டுக்கு, அதாவது தீயின் பக்கமே, ஓடியிருப்பார்கள் என்று அதிகாரி விளக்கம் சொன்னார். ஒலிக்கு என்ன அர்த்தம் என்று ஜனங்களுக்குச் சொல்லாமல் விட்டால் இப்படித்தான் கையைக் கட்டிக்கொண்டு நிற்க நேரும்.

இயக்கும் ரேடியோ சமிக்ஞைக்குப் பூட்டு இல்லாமல் விடுவதற்கும் உதாரணம் இருக்கிறது. 2017 ஏப்ரல் 7 நள்ளிரவுக்குச் சற்று முன் அமெரிக்காவின் டல்லஸ் நகரின் 156 சைரன்களையும் யாரோ ரேடியோ வழியாக ஊதவைத்தார்கள். ஒன்றரை மணி நேரம் ஊர் தூங்கவில்லை. புலி வருது கதைதான்.

சில வருடங்களுக்கு முன் கடற்கரை ஓரம் ஒரு வளாகத்தில் புது சைரனுக்கு முதல் சோதனை. கம்பத்தடியில் எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள், போட்டோ எடுத்தார்கள். நான் முன்னதாகவே எண்ணூறு மீட்டர் நடந்து ஒரு டீக்கடையில் போய் நின்றிருந்தேன். ஊதி முடித்த தகவல் போனில் வந்ததும் கடைக்காரரிடம் கேட்டேன்:

"அண்ணே, இப்ப சங்கு ஊதினது கேட்டுச்சா?"

அவர் கிளாஸைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "சங்கா? ஏதோ ஆம்புலன்ஸ் போகுதுன்னுல்ல நெனச்சேன்."