கம்பெனி கால சரித்திரம் எழுதுறீங்களா? மொதல்ல தேதிய சரி பண்ணுங்க

இங்கிலீஷ் கம்பெனி, டச்சு கம்பெனி, பிரெஞ்சு கம்பெனி நம்ம சோழமண்டலக் கரையில வந்து கடை போட்ட கதைய எழுதுறேன், வீடியோ போடுறேன்னு இப்ப நிறைய பசங்க இறங்கியிருக்காங்க, சந்தோஷம்தான். ஆனா ஸ்கிரிப்ட் பாத்து குடுங்கண்ணான்னு அனுப்புறத எல்லாம் படிச்சா, நாங்க ஒரு காலத்துல அடிச்ச அதே கூத்து. தரங்கம்பாடி கோட்டைய டச்சுக்காரன் கட்டினான்னு எழுதுற கேஸுக்கெல்லாம் நான் வரல, அத போன்லயே தேடி திருத்திக்கலாம். தேடினாலும் மாட்டாத தப்பு சிலது இருக்கு, அத மட்டும் சொல்றேன்.

ரெண்டு காலண்டர்

இதுதான் எனக்கு இன்னும் எரிச்சல் வர்ற விஷயம், எத்தன தடவ சொன்னாலும் அடுத்த ஸ்கிரிப்ட்ல திரும்ப வந்து நிக்கும்.

1582-ல போப் கிரிகோரி காலண்டர மாத்தினாரு. போர்ச்சுகல், பிரான்ஸ் எல்லாம் உடனே மாறிடுச்சு, டச்சுக்காரங்கள்ல ஹாலந்து பக்கமும் சீக்கிரமே மாறிடுச்சு. இங்கிலீஷ்காரன் போப் சொன்னா நாம கேக்கணுமான்னு 1752 வரைக்கும் பழைய காலண்டர்லயே உக்காந்திருந்தான், டேனிஷ்காரங்க 1700-ல மாறுனாங்க. அதனால 1600கள்ல பழவேற்காடு டச்சுக்காரன் லெட்டருக்கும் மெட்ராஸ் இங்கிலீஷ்காரன் லெட்டருக்கும் நடுவுல 10 நாள் வித்தியாசம், 1700-க்கு அப்புறம் 11 நாள். ரெண்டும் ஒரே கடற்கரை, நடுவுல கொஞ்ச தூரம்தான், ஆனா தேதி வேற.

பத்து நாள்தானேன்னு தோணும். சரி, 1746-க்கு வாங்க. மொரீஷியஸ்ல கவர்னரா இருந்த லா பூர்தொனே கப்பல் படையோட வந்து மெட்ராஸ புடிச்சாரு. பிரெஞ்சு கணக்குல செப்டம்பர் 21, இங்கிலீஷ் கணக்குல செப்டம்பர் 10. புடிச்ச உடனே அவருக்கும் பாண்டிச்சேரி கவர்னர் துய்ப்ளெக்ஸுக்கும் சண்ட. லா பூர்தொனே 11 லட்சம் வராகன் (அந்த காலத்து தங்கக் காசு) வாங்கிட்டு ஊர இங்கிலீஷ்காரன்கிட்டயே திருப்பி குடுத்துடலாம்ங்கிறாரு, துய்ப்ளெக்ஸ் முடியவே முடியாதுங்கிறாரு. இழுபறி நடக்குறப்பவே ஐப்பசி மழை சீசன் வந்துடுச்சு, மெட்ராஸ்ல அப்ப ஹார்பரே கிடையாது, கப்பல் எல்லாம் தொறந்த கடல்ல நங்கூரம் போட்டு நிக்கும், கரைக்கு வரணும்னா மசூலா படகுதான். அந்த நெலமையில அக்டோபர் 13 ராத்திரி புயல் அடிச்சு அவரு கப்பல் படைய நொறுக்கிடுச்சு. அதுக்கப்புறம் 21-ம் தேதி அவசர அவசரமா ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டுட்டு 23-ம் தேதி கிளம்பிட்டாரு. இது பூரா பிரெஞ்சு தேதி.

இதையே இங்கிலீஷ் தேதியில எழுதினா புயல் அக்டோபர் 2, ஒப்பந்தம் 10, கிளம்புனது 12.

இப்ப ஒரு தம்பி அனுப்புன ஸ்கிரிப்ட் எப்படி இருந்துச்சுன்னா, ஒப்பந்தத்த இங்கிலீஷ் புக்குல இருந்து எடுத்திருக்காரு, புயல பிரெஞ்சு புக்குல இருந்து எடுத்திருக்காரு. 10-ம் தேதி கையெழுத்து, 12-ம் தேதி புறப்பாடு, 13-ம் தேதி நடுக்கடல்ல புயல், ஊர வித்த பாவம் சும்மா விடுமான்னு பேக்ரவுண்ட் மியூசிக்கோட ஒரு டயலாக் வேற. கதையே தலைகீழா போச்சு. கப்பல் நொறுங்கிப் போனதாலதான் அந்த மனுஷன் கையில பேரம் பேச பலம் கொறஞ்சுது, அடுத்த புயல் காத்துக்கு முன்னாடி கிளம்பணும்னு துடிச்சாரு, அதனாலதான் அந்த அவசரம். காரணம் பின்னாடி போயி, விளைவு முன்னாடி வந்துடுச்சு, ஒவ்வொரு தேதியும் தனித்தனியா பாத்தா சரி! அதான் கொடும, செக் பண்றவனுக்கும் மாட்டாது. வேற ஒருத்தங்க ஸ்கிரிப்ட்ல அந்த அக்டோபர்ல ரெண்டு புயல் அடிச்சுது.

இதுக்கு ஒரு வழி இருக்கு, கெழம பாருங்க. காலண்டர் மாறினாலும் கெழம மாறாது. பிரெஞ்சு செப்டம்பர் 21 புதன், இங்கிலீஷ் செப்டம்பர் 10-ம் அதே புதன்தான். லெட்டர்ல கெழம போட்டிருந்தா அத விட்டுடாதீங்க. நம்ம ஆனந்தரங்கப் பிள்ளை டைரி இருக்கே, அது இன்னும் வசதி, அவரு துய்ப்ளெக்ஸோட துபாஷ், அதாவது மொழிபெயர்ப்பாளரும் தரகரும்ங்கிறதால பிரெஞ்சு தேதியும் இருக்கும், கூடவே அட்சய வருஷம் புரட்டாசி இத்தன தேதின்னு தமிழ் தேதியும் இருக்கும். ஆனா அதையும் இன்னிக்கு தினசரி காலண்டர வச்சு மாத்தாதீங்க, இப்ப அக்டோபர் 17, 18 வாக்குல பொறக்குற ஐப்பசி அந்த காலத்துல சில நாள் முன்னாடியே பொறந்துடும்.

எந்த தேதி எழுதினாலும் பக்கத்துல பழசா புதுசான்னு ஒரு குறிப்பு போட்டுடுங்க, எழுத ஆரம்பிக்கும்போதே. முடிச்சதுக்கு அப்புறம் போடலாம்னு விட்டா எது எங்க இருந்து எடுத்ததுன்னு உங்களுக்கே தெரியாது.

வருஷம் எப்ப பொறக்குது

இங்கிலீஷ்காரனுக்கு அப்ப புது வருஷம் மார்ச் 25. இங்கிலீஷ் கம்பெனி ஆளு பிரான்சிஸ் டே மெட்ராஸ்ல குடியேற வந்து எறங்குனது பிப்ரவரி 20, 1640. பழைய கணக்குல அது இன்னும் 1639. அத அப்படியே எடுத்து எழுதுறவங்க, 1639 ஆகஸ்ட்ல கம்பெனிக்கு இடம் விட்டு தாமர்ல நாயக்கர் குடுத்த பட்டயத்துக்கு ஆறு மாசம் முன்னாடியே குடியேறிட்டாங்கன்னு ஒரு புது கண்டுபிடிப்பு வெளியிடுறாங்க. ஜனவரியில இருந்து மார்ச் 24 வரைக்கும் வர்ற தேதி எல்லாத்தையும் சந்தேகப்படுங்க.

வராகன இன்னிக்கு ரூபாய்க்கு மாத்துறது

மாத்தாதீங்க. மெட்ராஸ்ல 36 பணம் (பணம்ங்கிறது அப்ப ஒரு சின்ன காசோட பேரு) ஒரு வராகன், பாண்டிச்சேரியில 24 பணம். அந்த காலத்துக்குள்ளயே மாத்துறதுக்கு இவ்வளவு வேல இருக்கு.

வந்த அன்னிக்கே ஆள ஆரம்பிச்சுட்டான்னு எழுதுறது

1686-ல அவுரங்கசீப்கூட மோதிப் பாத்துட்டு, அபராதம் கட்டி மன்னிப்பு கேட்டதும் இதே இங்கிலீஷ் கம்பெனிதான். 1702-ல மொகலாயர் படைத்தலைவர் தாவூத் கான் மெட்ராஸ முற்றுகை போட்டப்பவும் காசு குடுத்துதான் அனுப்புனாங்க. 1650 பத்தி எழுதுறப்போ 1850 வெள்ளைக்காரன மனசுல வச்சுக்காதீங்க, அவ்வளவுதான்.

துணி கணக்கு

கம்பெனி துணி கணக்குல கோர்ஜ்னு போட்டிருந்தா 20 பீஸ். ஒரு பீஸ் இல்ல.