ஆண் இல்லாவிட்டாலும் இகுவானா முட்டையிடும்

வீட்டில் இருப்பது ஒரே ஒரு பெண் பச்சை இகுவானா (செல்லப்பிராணியாக வளர்க்கும் பெரிய பல்லி வகை), துணைக்கு ஆண் இல்லை என்று அசட்டையாக இருக்காதீர்கள். சேவல் இல்லாமலே கோழி முட்டையிடுகிறதே, அதே கதைதான். இரண்டிலிருந்து நான்கு வயதுக்குள் தொடங்கிவிடும். ஓர் ஈட்டில் 20 முதல் 60 முட்டை வரை வரும்.

முதலில் தீனி குறையும். முட்டைகள் வயிற்றை அடைத்துக்கொள்வதால் இரைப்பைக்கு இடம் இருக்காது. கடைசி நாட்களில் இலையைத் தொடவே தொடாது. ஆனால் தண்ணீர் குடிக்கும், கண் பளிச்சென்று இருக்கும், கூண்டின் மூலையைப் பிறாண்டும். விலாவில் திராட்சைக் கொத்தைத் துணியில் கட்டியதுபோல் புடைப்புகள் தெரியும். அழுத்திப் பார்க்க வேண்டாம், உள்ளேயே உடைந்துவிடும்.

பிறாண்டுவதற்கு முன்பே முட்டையிடும் பெட்டி தயாராக இருக்க வேண்டும். நன்கு வளர்ந்த இகுவானாவுக்கு 90 செ.மீ. நீளம், 50 செ.மீ. அகலம், 60 செ.மீ. உயரத்தில் மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டி போதும். உள்ளே போய்த் திரும்ப முடியாத குழியை அது ஏற்காது. மேல்பக்கம் ஓர் ஓரத்தில் 20 செ.மீ. அகல வாசல் வெட்டி, விளிம்பைத் தேய்த்து மழுக்குங்கள். ஆற்று மணலும் உரம் போடாத தோட்ட மண்ணும் சரிபாதி கலந்து 35 செ.மீ. நிரப்புங்கள். 200 கிலோவைத் தாண்டும். ஆகவே பெட்டியை அதற்கான இடத்தில் வைத்துவிட்டு மண்ணைக் கொட்டுங்கள்.

எல்லாம் ஈரப்பதத்தில்தான் இருக்கிறது. ஒரு பிடி மண்ணை இறுக்கினால் கொழுக்கட்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் கசியக் கூடாது. அதில் விரலால் துளை போட்டால் துளை அப்படியே இருக்க வேண்டும். வெறும் மணல் சரிந்துகொண்டே இருக்கும். தோண்டித் தோண்டியே இகுவானா ஓய்ந்துவிடும். மண்ணுக்குள் 28 முதல் 30 டிகிரி செல்சியஸ் இருக்கட்டும். சென்னைக் கோடையில் இது தானாகவே கிடைக்கும், ஊட்டியில் மேலே விளக்கு வேண்டும்.

நாள்கணக்கில் தோண்டும், பாதியில் விட்டுவிட்டு வரும், மறுபடி போகும். மூடியைத் திறந்து பார்க்காதீர்கள். முடிந்ததும் வயிறு ஒட்டி, இடுப்பெலும்பு துருத்தி, மூக்கெல்லாம் மண்ணாக வரும். குழியை மூடும் வேலையும் அதனுடையதே. உடனே பெட்டியை அப்புறப்படுத்தாமல் சில நாள் விடுங்கள். தண்ணீர், கால்சியம் தூவிய கீரை கொடுங்கள்.

சோர்ந்து படுத்தாலோ, கண்ணை மூடிக்கொண்டாலோ, விரல்கள் துடித்தாலோ அன்றே ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் எக்ஸ்ரேவுக்குக் கொண்டுபோங்கள். கால்சியம் குறைந்தால் முட்டையைத் தள்ளும் தசை வேலை செய்யாது. சில முட்டை போட்டு நிறுத்திவிட்டு, வயிற்றில் புடைப்பு மிச்சமிருந்தாலும் அன்றே மருத்துவரிடம் போங்கள். முட்டைகளைத் தரையில் சிதறப் போட்டால், பெட்டி பிடிக்கவில்லை என்று பொருள்.

ஆணோடு சேர்ந்திருந்தால், முட்டையைப் புரட்டாமல் மேல்பக்கம் பென்சிலால் குறியிட்டு, வெர்மிகுலைட்டும் (ஈரம் பிடித்துவைக்கும் கனிமத் துகள்) அதே எடைத் தண்ணீரும் கலந்த டப்பாவில் 29–31 டிகிரியில் வையுங்கள். பொரிக்க ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். இந்தியாவில் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தத்தின்படி குஞ்சுகளைப் பதிவு செய்ய வேண்டும். குஞ்சு வேண்டாமென்றால் முட்டைகளை எடுத்த அன்றே ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள்.