ஓவர்ஃப்ளோ பெட்டிக்குள் விழுந்த மீனை மீட்பதும், மீண்டும் விழாமல் தடுப்பதும்

கடல்மீன் தொட்டி வைத்திருப்பவர்களில் பலர், ஒரு மீனைக் காணவில்லை என்றால் அது செத்துக் கரைந்திருக்கும் என்று முடிவுகட்டித் தேடுவதை விட்டுவிடுகிறார்கள். தொட்டியின் மூலையிலோ பின்புறத்திலோ இருக்கும் ஓவர்ஃப்ளோ பெட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்திருந்தால், அந்த மீன் அங்கே உயிரோடு நீந்திக்கொண்டிருப்பதைக் கண்டிருக்கக்கூடும். தொட்டியின் மேற்பரப்பு நீர், பல் பல்லாக வெட்டிய இடைவெளிகளின் வழியே இந்தப் பெட்டிக்குள் விழுந்து, குழாயில் இறங்கிக் கீழேயுள்ள சம்ப் என்னும் துணைத் தொட்டியை அடைந்து, அங்கே வடிகட்டப்பட்ட பிறகு ரிட்டர்ன் பம்ப்பினால் மீண்டும் தொட்டிக்கு ஏறுகிறது. பெட்டியில் இருப்பது தொட்டியில் உள்ள அதே நீர்தான். அதன் உப்பும் வெப்பமும் மாறுவதில்லை. விழுகிற நீரில் காற்று நன்றாகக் கலந்திருக்கும். உணவுத் துணுக்குகளும் அடித்துக்கொண்டு வரும். எனவே அங்கே விழுந்த மீன் பல நாட்கள் தாக்குப்பிடிக்கும். பெரும்பாலும் அதற்குக் காயம் ஏற்படுவது நாம் பதறிக்கொண்டு பிடிக்கப்போகும்போதுதான்.

முதலில் தேட வேண்டிய இடங்கள்

ஃபயர்ஃபிஷ், ராஸ், கோபி போன்ற மெலிந்த மீன்களும் துள்ளும் பழக்கமுள்ள மீன்களுமே அதிகம் விழுகின்றன. தொட்டிக்குப் பின்னால் உள்ள தரை, பெட்டியின் அடிப்பகுதி, சம்ப்பின் வாயில் தொங்கும் ஃபில்டர் சாக் (நீரை வடிகட்டும் துணிப்பை), சம்ப்பின் முதல் அறை என்ற வரிசையில் தேடுங்கள். தரையை முதலில் பார்ப்பதற்குக் காரணம், அங்கே கிடக்கும் மீனுக்கு நிமிடங்களே மிச்சம் என்பதுதான். ஃபில்டர் சாக்கில் இருந்தால் சாக்கை நீரோடு சேர்த்துத் தூக்கி, தொட்டி நீர் நிரப்பிய வாளிக்குள் கவிழ்த்தால் வேலை முடிந்தது.

குழாயைப் பிடுங்காதீர்கள்

பெட்டியின் நடுவே நிற்கும் பிவிசி குழாயைப் பல தொட்டிகளில் ஒட்டாமல் செருகி மட்டுமே வைத்திருப்பார்கள். மீன் குழாய்க்குப் பின்னால் ஒளிகிறது என்று அதைப் பிடுங்கினால், பெட்டியில் உள்ள நீர் முழுவதும் அடித் துவாரத்தின் வழியாகச் சம்ப்புக்குப் பாயும். மீனும் அதோடு இழுபட்டு, வளைவுகளிலோ பாதி மூடிய வால்விலோ சிக்கிக்கொள்ளும். மீன் தானாகச் சம்ப்புக்குப் போய்ச் சேரட்டும் என்று வேண்டுமென்றே இப்படிச் செய்பவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

பம்ப்பை நிறுத்தும் முறை

ரிட்டர்ன் பம்ப், ஸ்கிம்மர் (கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் கருவி), தானாக நன்னீர் நிரப்பும் கருவி ஆகிய மூன்றையும் நிறுத்துங்கள். பம்ப் நின்றதும் தொட்டியிலிருந்து கொஞ்சம் நீர் வடிந்து சம்ப்பின் மட்டம் உயரும் என்பதால், ஸ்கிம்மர் ஓடிக்கொண்டிருந்தால் அதன் கோப்பை பொங்கி வழிந்துவிடும். தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கர் ஓடட்டும். மற்ற மீன்களுக்குக் காற்று கிடைக்க அது வேண்டும்.

உயரமான ஒற்றைக் குழாய் உள்ள பெட்டியில், பம்ப்பை நிறுத்திய பிறகும் குழாயின் நீர் உட்புகும் வாய் வரை நீர் நிற்கும். ஆனால் தாழ்வான ஒரு குழாயை கேட் வால்வினால் (கைப்பிடியைச் சுற்றித் திறந்து மூடும் வால்வு) கட்டுப்படுத்தி, இன்னொன்றை அவசரகாலக் குழாயாக உயர்த்தி வைத்திருக்கும் அமைப்பில், பெட்டி ஏறக்குறைய வற்றிப்போகும், மீன் தரைதட்டும். அத்தகைய தொட்டியில் பம்ப்பை நிறுத்திய உடனே கேட் வால்வை முழுவதும் மூடிவிட வேண்டும். மூடும்போது கைப்பிடி எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். திரும்பத் திறக்கையில் அதே எண்ணிக்கையில் நிறுத்தினால், பழைய நீர்மட்டத்தைத் தேடி அரைநாள் அலைய வேண்டியிருக்காது.

மீனைப் பிடித்தல்

ஆழமும் குறுகலும் உள்ள பெட்டியில் ஒரே வலையை விட்டுத் துழாவினால் மீன் சுவரில் மோதிச் செதில் உதிர்க்கும். முதலில் நீரைக் குறையுங்கள். மெல்லிய ட்யூபின் நுனியில் வலைத்துணியைக் கட்டி, சுத்தமான வாளிக்குள் நீரை மெதுவாக வடித்து, மூன்று நான்கு அங்குலம் மட்டும் மிஞ்சும்போது நிறுத்துங்கள். பிறகு ஒரு வலையை அசையாமல் பிடித்துக்கொண்டு, மறு கையில் அக்ரிலிக் துண்டையோ இன்னொரு வலையையோ வைத்து மீனை அதை நோக்கி மெல்ல ஓட்டுங்கள். வலைக்குள் வந்ததும் வெறுமனே தூக்காமல், சிறு பிளாஸ்டிக் டப்பாவை அடியில் கொடுத்து நீரோடு தூக்குங்கள். வால் அடியில் கத்திபோன்ற முள் உள்ள டாங் மீன்கள் வலையில் மாட்டிக்கொள்ளும் என்பதால் அவற்றுக்கு டப்பாவே ஏற்றது. லயன்ஃபிஷ், ராபிட்ஃபிஷ் ஆகியவற்றின் முட்களில் விஷம் உண்டு. அவற்றின் அருகே வெறுங்கையை விடவே கூடாது.

அப்படியும் அகப்படாத மீனை விரட்டிக்கொண்டே இருக்காதீர்கள். அமைப்பைப் பழையபடி ஓட விட்டுவிட்டு, பிளாஸ்டிக் பாட்டிலின் கழுத்துப் பகுதியை அறுத்து, அதைத் தலைகீழாக உள்ளே செருகி, மைசிஸ் இறாலை இரையாகப் போட்டுப் பெட்டிக்குள் இறக்கி வையுங்கள். பசித்த மீன் உள்ளே போகும். வெளியே வர வழி தெரியாது.

பிடித்த மீனைப் பழக்கப்படுத்தாமலே தொட்டியில் விடலாம், நீர் ஒன்றுதான். விளக்கை மட்டும் அணைத்துவிடுங்கள். வாளியில் வடித்த நீரைத் திரும்ப ஊற்றி, பம்ப்பும் நீர்மட்டமும் நிலைக்கு வந்த பிறகே நன்னீர்க் கருவியைப் போட வேண்டும். இல்லாவிட்டால், குறைந்த உப்புநீருக்கு ஈடாக அது நன்னீரை நிரப்பி உப்பின் அளவைக் குறைத்துவிடும்.

தடுப்பு அமைத்தல்

இங்கே நினைவில் வைக்க வேண்டியது ஒன்றே: மீன் போகக் கூடாது, தண்ணீர் நிற்கவும் கூடாது. பெட்டியின் பல் போன்ற இடைவெளிகளின் மேல் நுண்ணிய வலையை இறுக்கி ஒட்டினால், சில நாட்களில் பாசியும் கழிவும் அடைத்து, தொட்டி நிரம்பி வீட்டுக்குள் வழியும். ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் கண்ணுள்ள பிளாஸ்டிக் வலை பெரும்பாலான மீன்களுக்குப் போதும். அதைப் பற்களோடு ஒட்டாமல் ஓரிரு அங்குலம் தள்ளி வளைத்து நிறுத்தினால், ஒரு பக்கம் அடைத்தாலும் மறுபக்கம் நீர் போகும். நைலான் டையால் கட்டினால் கழற்றிக் கழுவலாம். இரும்பு வலை துருப்பிடிக்கும்; செம்பு கலந்தால் இறாலும் நத்தையும் பவளமும் சாகும்; அதனால் உலோகமே வேண்டாம்.

பற்களை மட்டும் மறைத்தால் போதாது. ராஸ் போன்றவை மேலாகத் துள்ளிப் பெட்டிக்குள் விழுவதால், பெட்டியின் திறந்த வாய்க்கும் ஒரு மூடி தேவை. பிரதான குழாயின் வாயில் பிளாஸ்டிக் சல்லடை போடுங்கள். நத்தை புகுந்து அடைப்பதையும் அது தடுக்கும். அவசரகாலக் குழாயை மட்டும் எதனாலும் மூடாதீர்கள். மற்றவை அடைக்கும் நாளில் நீர் போக மிஞ்சுவது அது ஒன்றுதான்.

எல்லாம் முடிந்ததும் பம்ப்பை ஓட விட்டு, கண்ணாடியில் நீர்மட்டத்துக்கு நேராக ஒரு டேப் ஒட்டி, ஒரு மணி நேரம் கழித்து மட்டம் அதற்கு மேலே ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறியிருந்தால் வலையின் பரப்பு போதவில்லை. இன்னும் அகலமாக வளைக்க வேண்டும். பிறகு கரண்ட் போனதுபோல் பம்ப்பை நிறுத்தி, வடிகிற நீரைச் சம்ப் வழியாமல் தாங்குகிறதா என்றும், திரும்பப் போட்டதும் மட்டம் டேப்புக்கே வருகிறதா என்றும் சோதியுங்கள்.

வாரம் ஒருமுறை வலையை பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். சுண்ணாம்புப் படிவு ஏறினால் வெள்ளை வினிகரில் ஊறவைத்து, நல்ல நீரில் அலசி மாட்டுங்கள். புது மீன் விடும்போது முதல் சில நாட்கள் பழைய மீன்கள் அதைத் துரத்துகின்றனவா என்று கவனியுங்கள். துரத்தினால் அது துள்ளி விழக்கூடும் என்பதால், துளையிட்ட அக்ரிலிக் பெட்டிக்குள் வைத்து அதைத் தொட்டியிலேயே பழக்கிவிட்டுப் பிறகு திறந்துவிடுங்கள்.