கொழும்பில் மளிகை வாங்கப் போகிறீர்களா? பெயரை மாற்றிக் கேளுங்கள்

தமிழ்நாட்டிலிருந்து கொழும்புக்குக் குடிவந்தவர்களின் முதல் மாதச் சமையல் பெரும்பாலும் பெயரில்தான் சறுக்கும். பொருள் கடையில் இருக்கும். ஆனால் நாம் சொல்லும் பெயருக்கு இங்கே வேறொன்றை எடுத்துக் கொடுப்பார்கள். வெறுமனே "பருப்பு" என்றால் மைசூர்ப் பருப்பு வரும். சாம்பாருக்கு வேண்டுமென்றால் "துவரம் பருப்பு" என்று முழுப் பெயரைச் சொல்லுங்கள். காப்பிக்குப் போடுவது சீனி. "சர்க்கரை" என்று கேட்டால் வெல்லம்போல் பழுப்பாக ஒன்று கைக்கு வரும்.

இதில் அதிகம் ஏமாற்றுவது மிளகாய்த்தூள். யாழ்ப்பாணத்தவர் பலர் அந்தப் பெயரில் சொல்வது, மிளகாயோடு மல்லி, மிளகு, சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம் எல்லாம் வறுத்து இடித்த கறித்தூளை. கருஞ்சிவப்பாக, வறுத்த வாசனையோடு இருந்தால் அதுதான். மீன் குழம்புக்கு அருமையான தூள்; ரசத்தில் போட்டால் ரசம் போச்சு. "தனி மிளகாய்த்தூள்" என்று கேட்டு வாங்குங்கள். காய்ந்த மிளகாய்க்குச் செத்தல் மிளகாய், பெரிய வெங்காயத்துக்குப் பம்பாய் வெங்காயம், எலுமிச்சைக்குத் தேசிக்காய், முட்டைக்கோசுக்குக் கோவா, பீன்ஸுக்குப் போஞ்சி, வேர்க்கடலைக்குக் கச்சான். காய்கறி மொத்தத்துக்கும் மரக்கறி. "அண்ணை, உளுந்து அரைக் கிலோ தாங்கோ" என்று கேட்டுப் பாருங்கள், எந்த உளுந்து நல்லது என்பதையும் அவரே சொல்வார்.

வாங்கும் இடம் வெள்ளவத்தை. புறக்கோட்டையிலிருந்து காலி வீதி வழியாக 100, 101 பஸ்கள் அங்கே போகும். நல்லெண்ணெய், பெருங்காயம், அப்பளம், புளி, இட்லித் தட்டு எல்லாம் காலி வீதியிலும் அதன் ஒழுங்கைகளிலும் (சந்துகளிலும்) கிடைக்கும். மாதச் சாமானை மொத்தமாக எடுப்பதென்றால் புறக்கோட்டை நான்காம், ஐந்தாம் குறுக்குத் தெருக்களுக்குப் போகலாம். சுக்கு, திப்பிலி, ஓமம் போன்ற மருந்துச் சரக்குக்கு அங்கேயே கபோஸ் லேன். ஞாயிறிலும், பௌர்ணமி விடுமுறையான போயா நாளிலும் மொத்தக் கடைகள் பெரும்பாலும் பூட்டியிருக்கும். போயா அன்று இறைச்சியும் மதுவும் விற்பதில்லை, சூப்பர் மார்க்கெட்டிலும் அந்தப் பகுதியை மூடிவிடுவார்கள்.

இந்தியப் பாக்கெட்டுகளில் இரண்டு விலை இருக்கும். அச்சாகியிருப்பது இந்திய ரூபாய்; இறக்குமதி செய்தவர் ஒட்டிய சீட்டில் இருப்பதே இங்கத்தைய விலை. அந்தச் சீட்டு காலாவதித் தேதியை மறைத்திருந்தால் பாக்கெட்டை வைத்துவிடுங்கள். சூப்பர் மார்க்கெட்டில் மரக்கறியை அந்தப் பகுதியிலேயே நிறுத்து, ஸ்டிக்கர் ஒட்டி வாங்கிக்கொள்ள வேண்டும். மறந்தால் வரிசையின் முனையிலிருந்து திரும்பி நடக்க நேரும். யூபிஐ 2024 பிப்ரவரி 12 முதல் இலங்கையிலும் உண்டு. கடையில் இலங்கையின் பொதுக் க்யூஆர் குறியீடான லங்காக்யூஆர் பலகை இருக்க வேண்டும், உங்கள் செயலியில் வெளிநாட்டுப் பரிமாற்றத்தை முன்கூட்டியே இயக்கியிருக்க வேண்டும். சந்தைக்கும் சின்னக் கடைக்கும் காசுதான்.

இனி இட்லி. "இட்லி அரிசி" என்று தேடி அலைய வேண்டாம். வெள்ளை நாட்டரிசி வாங்குங்கள். அது புழுங்கல், மணி கொஞ்சம் பெரிது. சிவப்பு நாட்டரிசி இட்லியைக் கறுக்க வைக்கும். கீரிச் சம்பா பொடி மணி, விலையும் கூட, மாவுக்கு அரைப்பது வீண். பச்சரிசியை மட்டும் போட்டால் இட்லி கல்லாகும். நாலு கப் அரிசியை ஆறு மணி நேரமும், ஒரு கப் உளுந்தை ஒரு தேக்கரண்டி வெந்தயத்தோடு மூன்று மணி நேரமும் ஊறவையுங்கள். தோல் நீக்கிய பாதி உளுந்து என்றால் கால் கப் கூடுதலாக எடுங்கள், முழு உளுந்து அளவுக்கு அது பொங்காது. மிக்ஸியில் அரைப்பவர்கள் குளிர்ந்த நீரை மட்டும் சேர்க்க வேண்டும். மாவு சூடாகிவிட்டால் உளுந்தின் நுரை அடங்கிவிடும். கொழும்பின் புழுக்கத்தில் மாவு ஏழெட்டு மணி நேரத்தில் பொங்கிவிடும். இரவு ஒன்பதுக்குக் கரைத்து வைத்தால் காலை ஐந்துக்கே ஃபிரிட்ஜுக்குப் போக வேண்டும். எட்டு மணி வரை விட்டால் புளித்துத் தோசைக்குத்தான் ஆகும்.

ஊரிலிருந்து கொண்டுவந்த கிரைண்டருக்கு மின்னழுத்தத்தில் சிக்கல் இல்லை, இங்கும் 230 வோல்ட்தான். பிளக்குதான் எல்லா இடத்திலும் பொருந்தாது. பழைய வீடுகளின் வட்டத் துளைகளில் நம் பிளக் ஏறும். புதியவற்றில் 13 ஆம்பியர் சதுர முனை. ஃபியூஸ் உள்ள அடாப்டர் வாங்குங்கள், மேல் துளையில் குச்சியைச் செருகி மற்றத் துளைகளைத் திறக்கும் வித்தை வேண்டாம்.

தயிர் வாங்கும்போது கவனம். சின்னக் கப்பில் இருக்கும் யோகட் இனிப்பானது, பெரும்பாலும் ஜெலட்டினும் சேர்த்திருப்பார்கள். சைவர்கள் பின்பக்கப் பட்டியலைப் படித்தே எடுக்க வேண்டும். அதில் மோர்க்குழம்பு வைத்தால் இனிக்கும். உறைக்கு மண்சட்டியில் வரும் எருமைத் தயிரை வாங்கி, ஆடைக்குக் கீழே கெட்டியாக இருக்கும் இடத்திலிருந்து ஒரு தேக்கரண்டி எடுங்கள். அரை லீட்டர் கொழுப்பு நீக்காத பாலைச் சுண்டுவிரல் பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவந்து அதில் கலக்கி, ஆறு மணி நேரம் அசைக்காமல் வையுங்கள்.  பால்மா (பால் பவுடர்) என்றால் ஒரு லீட்டர் தண்ணீருக்குச் சுமார் 130 கிராம்.

சைவர்களுக்கு இன்னொன்று: தேங்காய்ச் சம்பலிலும் சீனிச் சம்பலிலும் மாசிக் கருவாடு இருக்கக்கூடும். "மாசி போட்டதா?" என்று கேட்காமல் கட்டி வாங்காதீர்கள்.

ஃபில்டர் காப்பிக்கு: இங்கே பாக்கெட்டில் வரும் கோப்பித்தூள் மாவுபோல் நைசாக இருக்கும், சிலவற்றில் மல்லியும் சுக்கும் கலந்திருக்கும். கோப்பையில் போட்டு வெந்நீர் ஊற்றிக் குடிப்பதற்கான பதம் அது. ஃபில்டரில் இட்டால் துளைகளை அடைத்துக்கொண்டு மணிக்கணக்கில் நிற்கும், இல்லை தூளும் சேர்ந்து இறங்கும். கொட்டையாக விற்கும் கடையில், ரவைக்கும் மாவுக்கும் நடுப்பட்ட பதத்தில் அரைத்து வாங்குங்கள். வேறு வழியில்லாமல் நைஸ் தூளையே போடுகிறீர்களென்றால் குடையால் அழுத்தாதீர்கள், மேலாக வைத்துவிட்டு வெந்நீரை இரண்டு தவணையாக ஊற்றுங்கள்.